குரலுக்கு வயசாச்சாம்

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வையுங்கள் என்றார் தொழிலாளர் நல அலுவலர்.

வைத்தாள் ஹலோ அக்கா.

வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் ஒரு ஹலோ சொன்னால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்த ஆள்கூட, தண்ணி வடிய மாட்டேங்குதுங்க என்று குழைந்துவிடுவான்.

வீட்டில் இந்தக் குரல் கிடையாது. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். ஊரான் வீட்டு மெஷினுக்குத் தேன், எனக்கு மட்டும் கஷாயமா என்று கணவர் பொருமாத நாள் இல்லை.

போன மாதம் அவளுக்கு ஐம்பது முடிந்தது. ஆபீஸ் பிள்ளைகள் ஆசையாய்க் கேக் வாங்கி, மேலே ஐந்தும் சைபருமாய் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குத்திவைத்தார்கள். புதிதாய் வந்திருந்த மேனேஜர் ஒரு துண்டு தின்றார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவை ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிவிட்டார்கள். ஓட்டை உடைசலாய்த் திரும்பி வந்த மெஷின்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. குரலில் வயது தெரிகிறதாம். வாடிக்கையாளர்கள் இளமையான குரலைத்தான் விரும்புகிறார்களாம்.

அடப் பாவி! இத்தனை வருஷமாய்த் தெரியாத வயது, மெழுகுவர்த்தியை ஊதியதும் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதா?

ஸ்டோர் ரூமில் பேச்சுத் துணைக்கு ஒரு எலிகூட இல்லை. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு லீவு போட்டுவிட்டு நேரே இங்கே வந்துவிட்டாள். அந்த நாற்காலியும் ஹெட்போனும் அவளுக்குத் திரும்ப வேண்டும்.

அலுவலர் நல்ல மனுஷர்தான். வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால் அது பாகுபாடு, அதைக் கேட்கச் சட்டம் இருக்கிறது என்று பொறுமையாய் விளக்கினார். முதலில் கம்பெனிக்குள்ளேயே புகார் கொடுக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் இவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். ஆனால் எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள்.

குரலுக்கு என்ன ஆதாரம் காட்டுவது? தொண்டையைக் கழற்றிக் கவரில் போட்டு இணைக்கவா முடியும்?

அலுவலர் அவளுடைய நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார். கம்பெனிக்காரன் சொல்வதிலும் ஏதோ இருக்கும்போலிருக்கிறதே என்ற பார்வை. அவளுக்குச் சுருக்கென்றது.

சரி, உள் புகாரை இப்போதே என் முன்னாலேயே கொடுங்கள், நானே சாட்சி என்றார் அவர். அதற்கும் வாடிக்கையாளர்கள் கூப்பிடும் அதே சர்வீஸ் எண்தான். ஊழியர் புகார் என்றால் ஒன்பதை அழுத்த வேண்டும். அழுத்தினாள்.

கொஞ்சம் இசை. அப்புறம் ஒரு பெண் குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்.

காத்திருந்தார்கள். மறுபடி இசை. மறுபடி அதே குரல். அழைப்பு முக்கியம்தான், எடுக்கத்தான் ஆளைக் காணோம்.

அலுவலருக்கு மட்டும் அலுக்கவே இல்லை. கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கூட நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க இடத்துல உக்கார வச்சிருக்காங்களே, அந்தப் பொண்ணு குரல் நல்லாத்தான் இருக்கு. இருபத்தஞ்சு வயசு இருக்குமா? நாளைக்கு இதையே அவங்க எனக்குப் போட்டுக் காட்டினா நான் என்னத்தச் சொல்றது?”

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இல்லாத ஹெட்போனைக் காதோரம் சரிசெய்துகொண்டாள். இசை நின்றதும், போனை முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.

அடுத்த நொடி போன் அதையே சொன்னது. அதே தேன், அதே இழுப்பு, ‘மிகவும்’ வரும் இடத்தில் அதே சின்னச் சிரிப்பு.

அலுவலர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். அவசரமாய்ப் பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

“கேக் வெட்டினதுக்கு முந்தின வாரம் பேசிக் குடுத்தது சார், மாத்த மறந்துட்டாங்க போல. அன்னிக்குன்னு பாத்து எனக்குச் சளி வேற, இல்லேன்னா இன்னும் நல்லா வந்திருக்கும்.”