வேங்கை ரெண்டு கொள்ளாமா?

“டிஸ்சார்ஜ் தந்தாலும் சரி, தராட்டாலும் சரி. சாயங்காலக் காட்சிக்கு நான் போவேன்!”

நெய்யூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கம்பி வைத்துத் தைத்த காலைத் தூக்கிக் கட்டியிருக்க, ராஜையன் முழங்கினார்.

மனைவி ராகேல் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள். கால் தரையில் பட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது. ஆனால் இன்றைக்கு ‘சூறாவளி வேங்கை’ இரண்டாம் பாகம் ரிலீஸ்!

ராஜையனும் அல்போன்சும் ரப்பர் தோட்டத்துக் கூலி உயர்வுக்காக ஒன்றாக ஜெயிலுக்குப் போனவர்கள். வெளியே வந்த அன்றே ஒரு சண்டைப் படத்துக்குப் போனார்கள். அன்றிலிருந்து எந்தச் சண்டைப் படமானாலும் முதல் நாள், இருவரும் சேர்ந்துதான். சங்கத் தீர்மானத்தைக்கூட அவர்கள் இத்தனை ஒழுங்காகக் காத்ததில்லை.

சீட்டியடித்தபடி உள்ளே வந்தார் அல்போன்ஸ்.

“மக்கா, காலைக் காட்சி பாத்துட்டு நேரா வாறேன். ஒண்ணுக்கும் கொள்ளாது!”

ராஜையன் முகம் சுருங்கியது. “ஏலே, என்னை விட்டுட்டுப் பாத்தியா?”

“பாத்ததுனால நீ தப்பிச்ச. முதல் பாகத்துல ஒத்தைக்கு நாப்பது பேரை அடிச்சவன், இதுல நடந்தாலே மூச்சு வாங்குதான். தியேட்டர்ல பாதிப் பேரு உறக்கம். மீதிப் பேரு அவனுவளைப் பாத்துப் பொறாமைப்படுதானுவ.”

“சண்டை?”

“நம்ம சங்கப் பொதுக்குழுவுல இதைவிட நல்ல அடி விழும்!”

ராஜையன் தலையணையில் சாய்ந்தார். “அப்போ வேண்டாம். போவல்ல.”

ராகேலுக்கு உயிர் வந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. கிளம்பிய அல்போன்சின் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினாள்.

“அண்ணே, கூட்டாளி காலு முறிஞ்சு கிடக்காரு. உங்களுக்குப் படம் கேக்குதா? வெக்கமா இல்லியா?”

அல்போன்ஸ் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினார். இரண்டுமே கிழிக்காதவை.

“படம் எப்படின்னு எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்னா, காலை இழுத்துட்டு வந்திருவானே! அவன் எழும்பி நடக்கட்டும். ரெண்டு பேருமாப் பாப்போம். அதுவரைக்கும் நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்.”

ராகேலுக்குக் கண் நிறைந்தது. இப்படி ஒரு மனிதரையா திட்டினோம்! இதைக் கணவரிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று வார்டுக்குத் திரும்பி ஓடினாள்.

ராஜையன் தலை வரைக்கும் போர்வையை இழுத்து மூடியிருந்தார். போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், அழுகிறார்போல! மெல்ல விலக்கினாள்.

உள்ளே செல்போன். யாரோ தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்து அனுப்பிய படத்தில், சூறாவளி வேங்கை பறந்து பறந்து அடிக்க, ராஜையனும் கூடவே குத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, மறைக்காத!” என்றார் ராஜையன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த அல்போன்ஸ் இனி எனக்க முகத்துல முழிக்கப்பிடாது, கேட்டியா? கூட்டாளியை விட்டுட்டுத் தனியாப் படம் பாக்கவன் எல்லாம் ஒரு மனுசனா?”