ஃபேனில் சுற்றிய முடி

"லேப்டாப் சூடாகி நின்னுபோறதுக்குக் காரணம் இதுதான் அக்கா."

ஜாலான் புசார் கடையில் பழுதுபார்க்கும் பரணி, உள்ளிருந்த ஃபேனைக் கழற்றிக் காட்டினார். தூசியோடு முடி சுற்றியிருந்தது. இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கன்னங்கரேலென்று, ஒரு கை நீளம்.

என் முடி காதோடு நிற்கும். அதிலும் பாதி நரை.

பக்கத்தில் நின்ற கணவரை முறைத்தேன். அவர் ஆபீசுக்குக் கொண்டுபோகும் லேப்டாப் அது. "யாருங்க இவ?"

"எவ?"

"நடிக்காதீங்க லா. உங்க ஆபீஸ் வர்ஷாவுக்குத்தானே இவ்வளவு நீள முடி?"

பரணி தலை நிமிரவில்லை. "வாங்கினதிலேருந்து இதைத் திறந்ததே இல்ல போல. பல வருஷத் தூசி அக்கா."

கணவர் சிரித்தார். "கோவிட்ல வீட்டோட அடைஞ்சு கிடந்த சர்க்கிட் பிரேக்கர் சமயத்துல இதை மடியில வச்சுக்கிட்டு நாள் முழுக்க வேலை பார்த்தது யாரு உமா? அப்ப உன் முடி எப்படி இருந்துச்சுன்னு மறந்துட்டியா?"

என் கை காதோரக் குட்டை முடியைத் தடவியது.

பரணி அந்த முடியைக் குப்பையில் போடப் போனார்.

"கொடுங்க பரணி" என்று வாங்கிய கணவர், அதை டிஷ்யூவில் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பழைய உமாமேல் எனக்கு உண்மையான பொறாமை அப்போதுதான் வந்தது.