மூன்றாம் வகுப்பின் கறிவேப்பிலை

கடுகு வெடித்தது.

உருவி வைத்திருந்த கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டான். சடசடவென்று பொரிந்து மணம் கிளம்பியது.

எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டினான். புகை வெளியே ஓடியது.

ஞாயிறு காலை. மனைவி ஊரில் இல்லை. மகள் பூவிழி இன்னும் போர்வைக்குள். அடுப்படி முழுக்க அவன் ராஜ்ஜியம்.

செல்போன் அதிர்ந்தது. மூன்றாம் வகுப்புப் பெற்றோர் குழு.

வழக்கமாகத் திறக்க மாட்டான். ரோஜாப்பூ, காலை வணக்கம், ஆவி பறக்கும் காபி. அந்தக் குவியலுக்கு அடியில் பள்ளிச் செய்தியை யார் தேடுவது?

இன்று திறந்தான்.

ஸ்டெல்லா மிஸ். வெள்ளிக்கிழமை போட்ட அறிவிப்பை நினைவூட்டலாக மறுபடி போட்டிருந்தார்.

'பெற்றோர் கவனத்துக்கு. வெயில் கடுமையாக இருப்பதால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவும். திங்கள் காலை பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பவும். நம் வகுப்புக் கூட்டுப்புழு அன்று பட்டாம்பூச்சியாகும் என்று எதிர்பார்க்கிறோம். விடுமுறையில் அதைப் பார்த்துக்கொள்ளும் முறை இந்த வாரம் பூவிழி வீட்டுக்கு. கறிவேப்பிலைக் கொத்தில், இலை நிறத்திலேயே இருக்கும். தயவுசெய்து தாளித்துவிடாதீர்கள்.'

பக்கத்தில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் திட்டைப் பார்த்தான். அங்கே எப்போதும் ஒரு டம்ளர் இருக்கும். கறிவேப்பிலை வாடாமலிருக்க மனைவி தண்ணீரில் போட்டு வைப்பது.

இன்று இரண்டு டம்ளர்.

ஒன்றில் கொத்து. மற்றது காலி.

இருக்கிற கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெறும் இலை. எல்லாம் வெறும் இலை.

அப்படியானால்...

அடுப்பை அணைத்தான். கரண்டியால் வாணலியைக் கிளறினான். இலைதான். கடுகுதான். வேறொன்றும் இல்லை.

உருவிய காம்பு எங்கே?

பச்சை வாளியில்.

பச்சை வாளி?

சற்று முன்னால்தான் குப்பை வண்டியில் கொட்டிவிட்டு வந்தான். வண்டியின் பாட்டு இப்போது தெருக்கோடியில் கேட்டது.

லுங்கியை மடித்துக் கட்டினான். பாய்ந்தான்.

படிகளில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவிழி அவன் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் ஏதோ சொன்னாள். அவன் கிரிக்கெட் பார்த்தபடி 'ம்' என்றான்.

ஒரு மாதமாகக் காத்திருந்து வாங்கிய முறை அது.

"யக்கா! வண்டிய நிறுத்துங்க!"

வண்டிக்கார இசக்கி திரும்பிப் பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள்.

"என்ன அண்ணாச்சி, சங்கிலிய கொட்டிட்டியளா?"

"இல்லக்கா." மூச்சு வாங்கியது. "புழு."

"புழுவா? வண்டி பூரா அதான கெடக்கு. ஒமக்கு எது வேணும்?"

"கறிவேப்பிலைக் காம்புல ஒட்டிக்கிட்டிருக்கும். எம் மவ பள்ளிக்கூடத்துப் புழு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். அவனும் குனிந்தான். வாழைப்பழத்தோல். முருங்கைச் சக்கை. காபி மண்டி.

"இந்தா, இதுவா பாரும்."

காம்பு. நடுவில், மெல்லிய நூல் போட்டுக் கட்டியதுபோல் ஒரு கூடு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினான். புரட்டினான்.

முதுகு நீளமாகப் பிளந்திருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

"செத்துப் போச்சா?" இசக்கியின் குரல் இறங்கியது.

"இல்லக்கா. வெளிய வந்துட்டு."

அவன் இலை உருவுவதற்கு முன்பே வந்துவிட்டது. என்றால், அது இன்னும் அடுப்படியில்தான்...

அடுப்படியில்.

ஃபேன்!

ஏறினான். இரண்டிரண்டு படியாக. ஈரச் சிறகு. சுழலும் இறக்கை. அதற்கு மேல் நினைக்க மனம் ஒப்பவில்லை.

கதவைத் தள்ளினான்.

பூவிழி ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். கை சுவிட்சில். ஃபேன் சுற்றி, தளர்ந்து, நின்றது.

அவள் உதட்டில் விரல் வைத்தாள். சுவரைக் காட்டினாள்.

நாள்காட்டி. ஞாயிறின் சிவப்பு எண் மேல், கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கசங்கிய சிறகுகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

"பூவு... அப்பா தெரியாம..."

"சத்தம் போடாதீங்கப்பா. றெக்கை காயுது."

"மிஸ் திங்கக்கிழமைன்னுல்லா போட்டிருக்காங்க."

"பூச்சி என்ன குரூப்லயா இருக்கு?"

பிறகு அவள் முகம் சுருங்கியது. "எல்லாரும் பாக்கணுமேப்பா. நாளைக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"டப்பால போட்டு மூடி வைப்போமா?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

செல்போனை எடுத்தான். அந்தக் குழுவில் அவன் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. வாய்க்கருகே வைத்து, கிசுகிசுப்பாகப் பேசி அனுப்பினான்.

"பூவிழி அப்பா பேசுறேன். நாளைக்கு இல்ல. இப்பவே வந்துட்டு. பிள்ளையள கூட்டிட்டு ஓடி வாங்க. மூணாவது மாடி. செருப்பச் சத்தமில்லாம கழத்துங்க."

ரோஜாப்பூக்கள் நின்றன.

பிறகு பதில்கள் கொட்டின. கிளம்பிட்டோம். வந்துக்கிட்டே இருக்கோம். பல் விளக்காம வரலாமா? கடைசியாக ஸ்டெல்லா மிஸ்: பிடித்து வையுங்கள். உடனே இன்னொன்று: வேண்டாம், பிடிக்காதீர்கள்.

சிறகு ஒருமுறை விரிந்தது. மூடியது.

"கொஞ்சம் பொறு," என்றாள் பூவிழி, அதனிடம்.

படியில் வெறுங்கால் ஓசை. முதலில் வந்தது இசக்கி. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூவிழி ஜன்னலுக்கு நகர்ந்தாள். கொசுவலைக் கதவின் கொக்கியில் விரல் வைத்தாள். திறக்கவில்லை.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பிள்ளைகளின் குரல்கள் படியேறின.

சிறகுக்கு அடியில் நாள்காட்டித் தாள் லேசாக ஆடியது.

ஃபேன் எதுவும் ஓடவில்லை.