குண்டனின் மூட்டை

நகல், அழி, குண்டன் மூவரும் ஒரே சர்வர் கணினியில் குடியிருந்த கட்டளைகள். வேலைக்கு வேண்டிய சாமான்களை மற்ற இருவரும், எல்லா நிரல்களுக்கும் பொதுவான துணைக்கோப்பான லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். குண்டன் மட்டும் தன்னுடையதை மூட்டை கட்டிச் சுமப்பான்.

"பொதுவுல கிடைக்கிறதை எதுக்குண்ணே சுமக்குறீங்க? இடத்தை அடைச்சுக்கிட்டு!" என்று அழி சிரிப்பான்.

ஒருநாள் லைப்ரரி கெட்டுப்போனது. நகல் எழுந்த வேகத்தில் விழுந்தான். அழியால் அசையவே முடியவில்லை. சர்வரையே துடைத்துப் போடலாம் என்று வெளியே மனிதர்களிடம் பேச்சு எழுந்தது. குண்டன்தான் தன் மூட்டையை அவிழ்த்து, பேக்கப்பிலிருந்த நல்ல லைப்ரரியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தான். எல்லாரும் எழுந்தார்கள்.

மறுவாரம் டிஸ்கில் இடம் போதவில்லை. யாராவது ஒருவர் போயாக வேண்டும்.

அழி குண்டன் முன்னால் வந்து நின்றான்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. லைப்ரரிதான் இப்ப நல்லா இருக்கே."