காலமானவர் போட்ட காபி

“என் சாவுக்கு ஆயிரம் பேர் வந்தாங்க. அத்தனை பேருக்கும் நானே காபி போட்டேன்!” என்று டீக்கடைக்காரரிடம் அளந்தார் ஓய்வுபெற்ற செய்தியாசிரியர்.

பெரிய மனிதர்களின் மரணச் செய்தியைப் பத்திரிகையில் முன்னதாகவே எழுதி வைத்திருப்பார்கள். வேலையில் இருந்தபோது இவர் குறும்பாகத் தனக்கும் ஒன்று எழுதி வைத்திருந்தார். போன மாதம் யாரோ தெரியாமல் அதை அச்சேற்றிவிட்டார்கள்.

“ஆயிரமா? புளுகாதீங்க,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அதே பத்திரிகையின் பழைய பிழைதிருத்துநர்.

“சரி, நூறு.”

“சார்...”

“பத்து?”

பிழைதிருத்துநர் முறைத்தார்.

“சரிய்யா, ஒரே ஒருத்தன். பெத்த பிள்ளைகூட போன் பண்ணலை. அந்த ஒருத்தன்தான் மாலையோட வந்து நின்னான். கதவைத் திறந்தது நான்னு பார்த்ததும் தொபுக்கடீர்னு மயங்கி விழுந்துட்டான்!”

“இதையாவது நம்பலாமா?” என்று சிரித்தார் டீக்கடைக்காரர்.

பிழைதிருத்துநர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மயங்கலை, உட்கார்ந்தேன். மத்ததெல்லாம் நடந்ததுதான்.”