ஒன்பதாம் பாகத்துப் பாலம்

பெண் பார்க்க வந்த வீட்டு மாடியில் நின்றுகொண்டு, பெண்ணிடமே சண்டை பிடித்துக்கொண்டிருந்தான் சபரிநாதன். சண்டை ஒரு பட்டனைப் பற்றி.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் வரும்வரை, கேம் என்று வாயைத் திறக்காதே என்று அவன் அம்மா காரில் ஓதிக்கொண்டே வந்திருந்தாள். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, முப்பது வயதிலும் வீடியோ கேம் விளையாடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இரண்டு வரன்கள் அதனாலேயே கைநழுவிப் போயின. இவளையோ அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது.

கீழே முறுக்குத் தட்டை நீட்டிய பெண்ணின் அம்மா அம்மிணி, பெருவிரலில் துணி சுற்றியிருந்தாள். பலாச்சக்கை வெட்டியதில் காயம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு, பிள்ளைகள் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

மேலே வந்ததும் கிருஷ்ணப்ரியாதான் ஆரம்பித்தாள். "நீங்க நாகத்தீவு விளையாடுவீங்கன்னு தரகர் சொன்னாரு. எங்க வீட்டிலயும் உண்டு. ஒன்பதாவது எப்படி உண்டு?"

அம்மா ஓதியதெல்லாம் காற்றில் போயிற்று. பள்ளிக்கூட நாளிலிருந்து எட்டுப் பாகமும் விளையாடித் தீர்த்தவன் அவன். எட்டிலும், ஓடுவதற்குப் பெருவிரலால் ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்பதில் அந்த வேலையை ஆட்காட்டி விரலுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பட்டனை அமுக்கினால் கதாநாயகன் குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். இடிந்து விழுகிற பாலத்தில் ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு வாரமாக அவன் செத்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தான்.

"பழைய ஆளுகளுக்கு மட்டும் பண்ணினா யாரு வாங்குவா? எட்டாவது, கம்பெனி நினைச்சதுல பாதிகூட விக்கல்ல," என்றாள் அவள். "பெருவிரல் நோவுதுன்னு ஒதுங்கினவங்களும் வாங்கணும்னாக்கும் மாத்தினது. இல்லன்னா பத்தாவது வராது."

"புது ஆளு வாங்கணும்னு எங்களக் கொல்லணுமா?"

"உங்க கை பழகாததுக்குக் கம்பெனி என்ன செய்யும்?"

சபரிநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அச்சு அசல் முதலையின் வாதம். நாகத்தீவு ரசிகர்களின் இணையக் குழுவில் 'முதலை' என்ற பேரில் ஒரு ஆள் அவனைத் தினமும் வறுத்தெடுப்பது வழக்கம். எல்லாம் மலையாளத்தில் இருந்ததால் கோழிக்கோட்டுப் பக்கம் யாரோ என்று நினைத்திருந்தான். கேரள எல்லையோரத்து இந்த ஊர்களில் வீட்டில் தமிழ் பேசினாலும், எழுத உட்கார்ந்தால் மலையாளம்தான் வரும் என்பது, தானும் அப்படித்தான் என்றபோதும், அவனுக்குத் தோன்றவே இல்லை.

பாலம் தாண்டிவிட்டு வந்து பேசு என்று நேற்று முதலை எழுத, உனக்கு மூளையே கிடையாது என்று அவன் பதில் போட்டிருந்தான். அதுவும் சொந்தப் பேரில். அந்த முதலை இவள்தான் என்றால், இந்த வரனும் போயிற்று.

"நேற்று எழுதினதுக்கு மன்னிக்கணும்," என்றான் மெதுவாக.

"என்ன எழுதினீங்க?" என்று புருவத்தைத் தூக்கினாள் கிருஷ்ணப்ரியா. என்ன ஒரு பெரிய மனசு என்று அவன் உருகிப்போனான்.

கீழே இறங்கியதும் அவள் தன் அப்பா கைலாசநாதனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளுக்குச் சம்மதமாம், தனக்கும் மறுப்பில்லை, இனி அம்மிணி சொன்னால் சரி என்றார்.

சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற அம்மிணி, சிரிக்காமல் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மாடியில் என்ன உளறித் தொலைத்தாய் என்று அவன் அம்மா பக்கத்திலிருந்து தொடையைக் கிள்ளினாள்.

துணி சுற்றிய பெருவிரலைத் தடவிக்கொண்டே அம்மிணி கேட்டாள்.

"அந்தப் பாலம் தாண்டியாச்சா, மாப்பிளே?"