கணக்கில் சேராத ஏற்றம்

மலையடிவாரக் கிணற்றடியில் தொடங்கி, உச்சியிலிருக்கும் கொடிமரத்தைக் கையால் தொட்டால்தான் ஓர் ஏற்றம் என்று விதி வைத்தவள் பவளக்கொடி. போன ஐப்பசியில் இடிமழைக்குப் பயந்து கொடிமரத்தின் பக்கம்வரை போய்த் தொடாமல் திரும்பிய மரகதத்தின் ஏற்றத்தை அந்த விதியைச் சொல்லித்தான் கழித்தாள். மரகதம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அதுவும் பவளக்கொடிக்குப் பொறுக்கவில்லை. ஊரில் வேறு எந்தப் பெண்ணும் இவர்கள் அளவுக்கு அந்த மலையில் ஏறியதில்லை. இப்போது இருவர் கணக்கும் சமம்.

இந்த அமாவாசையன்று, கொடிமரம் கண்ணுக்குத் தெரிந்ததும் முந்திப் போகும் அவசரத்தில் பவளக்கொடிக்குக் கால் பிசகிவிட்டது.

"நீ போய்த் தொட்டுட்டு வா. நான் இங்கயே இருக்கேன்," என்றாள், போய்விடக் கூடாதே என்று நினைத்தபடி.

"அது எங்க ஓடிப்போகுது, விடுக்கா," என்று மரகதம் முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டு, அவளை முதுகில் சுமந்து இறங்கினாள். அந்த வியர்த்த தோளில் முகம் புதைத்து வந்த பவளக்கொடிக்குக் கால்வலி பெரிதாகத் தெரியவில்லை. அடிபட்டது மரகதத்துக்கு என்றால், பவளக்கொடி கொடிமரத்தைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள்.

கிணற்றடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னைக்கு யாரு முந்துனது?"

"ரெண்டு பேருக்கும் கணக்கில்ல. கொடிமரத்தத் தொடல," என்றாள் மரகதம், மூச்சு வாங்க.

மரகதத்துக்குக் கணக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். விதி வைத்தவளே சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. பவளக்கொடி வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடு," என்றாள்.